அறுபதுக்கு ஐம்பத்தெட்டு

எங்கள் நர்ஸ் பயிற்சிப் பள்ளியை ஒரு வெளிநாடு கட்டிக்கொடுத்து இருபது வருஷம் ஆகிவிட்டது. அதனால் என்ன விளைந்தது என்று பார்க்க அங்கிருந்து தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி அம்மாவை அனுப்பியிருந்தார்கள். நான் பள்ளி எழுத்தர். என் மனைவி மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். நானோ முதல் இரண்டு பேட்ச்சில் படித்துப் போன அறுபது பேரின் படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தலையெழுத்து!

படிவத்தில் ஒரு கேள்விதான் முக்கியம்: படித்த வேலையில் இருக்கிறாரா? ஐம்பத்தெட்டு பேருக்கு 'ஆம்'. எங்கே இருக்கிறார் என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை.

"அறுபதுக்கு ஐம்பத்தெட்டா! வேற எங்கயும் இப்படிப் பார்த்ததே இல்லைங்க," என்றார் அதிகாரி.

"அதுல அம்பத்தஞ்சு பேர் உங்க நாட்டு ஆஸ்பத்திரியிலதாம்மா இருக்காங்க. என் பொண்ணும்தான்."

"தெரியும். எங்க அம்மாவையே உங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஒருத்திதான் பார்த்துக்கிறா. தங்கமான பொண்ணு."

கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

"என் பொண்ணோட அம்மா சாகக் கிடக்கிறாம்மா. அவ ரெண்டு தடவை லீவு கேட்டுப் பார்த்தா, ஆள் இல்லைன்னுட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

அவர் முகம் வாடிவிட்டது. "நான் மதிப்பீடு செய்ய மட்டும்தாங்க வந்திருக்கேன். அதுல தலையிட எனக்கு அதிகாரம் இல்ல."

கல்நெஞ்சக்காரி இல்லை, உண்மையாகவே வருந்தினார். அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

வார்டில் நாற்பது கட்டிலுக்கு ஒரே நர்ஸ். பாவம், அவளும் எத்தனை பக்கம்தான் ஓடுவாள்? மனைவியின் சலைன் பாட்டில் காலியாகி, குழாயில் ரத்தம் ஏறியிருந்தது. கத்திக் கூப்பிட்டேன். நர்ஸ் கடைசிக் கட்டிலில் யாரையோ தூக்கிக்கொண்டிருந்தாள். மகளுக்கு வீடியோ கால் போட்டேன்.

"பதறாதீங்கப்பா. குழாயில ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதை உருட்டி மூடுங்க. ஆங், அதேதான். இப்ப அம்மா முகத்தைக் காட்டுங்க."

காட்டினேன். எத்தனை முகங்களைப் பார்த்தவள்! பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா... அம்மா கையைப் பிடிச்சுக்குங்க. விட்றாதீங்க."

அவள் பக்கத்தில் மணி அடித்தது. நின்று, மறுபடி அடித்தது.

"நோயாளி கூப்பிடுறாங்கப்பா. போகணும்." அழுதுகொண்டே சொன்னாள்.

"போம்மா," என்றேன்.

பேச்சுச் சத்தத்துக்கு மனைவி லேசாகக் கண் திறந்தாள்.

"பொண்ணு வந்துட்டாளா?"

"ஆமா," என்றேன்.