மூன்று புள்ளி மூன்று

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குழாய்களின் தடிமனை அளப்பது என் வேலை. உள்ளே ஓடும் சூடான எண்ணெய் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். மனிதர்களிலும் அப்படிச் சிலர் உண்டு, அதை விடுங்கள். குழாயின் மேல் ஜெல் தடவிக் கருவியை வைத்து அழுத்தினால் எண் வரும். அரை மில்லிமீட்டருக்கும் ஆளை மல்லுக்கு இழுப்பேன் என்பதால் ஆலையில் எனக்கு 'மில்லிமீட்டர்' என்றே பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் உடம்பு கூசுகிறது.

என் மனைவிக்கு சோலார் பேனல் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் கம்பி பற்றவைக்கும் வேலை. அரசாங்கம் கைகொடுத்தால்தான் அந்தப் பட்டறை நிற்கும், இல்லாவிட்டால் ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான். ஆக, எங்கள் வீட்டில் கீரியும் பாம்பும் ஒரே அடுப்பில் சமைத்தன.

"உங்க கம்பெனி மூடினாத்தான் எங்க கம்பெனி பிழைக்கும்" என்பாள்.

"ரெண்டும் மூடிட்டா நாம வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்பேன். சிரிப்போம். சிரித்த காலம் அது.

அந்த வருஷம் எண்ணெய் விலை ஏறு ஏறென்று ஏறியது. ஆலையை ஒரு மாதம் நிறுத்திப் பழைய குழாய்களை மாற்ற வேண்டிய ஷட்டவுன் இரண்டு தடவை தள்ளிப் போனது. எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பார்க்கலாம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். ஷட்டவுனைப் பற்றிக் கேட்டபோது மட்டும் வேறு பதில் வந்தது. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றார்.

நன்றாகத்தான் தூற்றினார்கள். நிறுவனத்தின் வரலாற்றிலேயே பெரிய லாபம் என்று ஆலை வாசலில் பலகை வைத்தார்கள். அதைப் பார்த்தோ என்னவோ, கூடுதல் லாபத்துக்குக் கூடுதல் வரி போட்டு அந்தப் பணத்தை சோலாருக்கும் காற்றாலைக்கும் கொடுப்பது என்று ஒரு மசோதா வந்தது. வரி போட்டால் பராமரிப்பில்தான் முதல் வெட்டு விழும் என்று நிறுவனம் பயம் காட்டியது. வரி வருவதற்கு முன்பே அதை வெட்டியாகிவிட்டது என்பது குழாய் மேல் ஏறி நிற்கும் எங்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாம் யூனிட்டில் ஒரு எல்போவை அளந்தேன். எல்போ என்றால் குழாய் வளைகிற இடம். எண்ணெய் வந்து மோதுவதால் அங்கேதான் முதலில் தேயும். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஆலையை நிறுத்தியாக வேண்டும். முதல் எண் நான்கு புள்ளி ஒன்று. அடுத்தது மூன்று புள்ளி ஒன்பது. மூன்றாவது ஒன்று புள்ளி ஒன்பது.

விதிப்புத்தகம் என்ன சொல்கிறதென்றால், மிகக் குறைந்த எண்ணை எழுது. எங்கள் பிரிவின் வழக்கம் வேறு: மூன்று எடு, சராசரியை எழுது. பெயின்ட்டுக்கு அடியில் துரு இருந்தால் கருவி சில சமயம் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி ஒருமுறை ஆலையை நிறுத்தி யாரோ வசை வாங்கியிருக்கிறார்கள். அதிலிருந்து பிறந்த வழக்கம் இது. யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோரும் செய்தோம்.

ஆனால் அன்றைக்குக் கருவி பொய் சொல்லவில்லை. இரண்டு தடவை துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஒன்பதேதான். மேனேஜருக்கு போன் போட்டு எண்ணைச் சொன்னேன்.

"ஷட்டவுனுக்கு இன்னும் ஆறே வாரம்தானேப்பா" என்றார். "வழக்கமா எப்படி எழுதுவியோ அப்படியே எழுது."

பொய் எழுது என்று அவர் சொல்லவே இல்லை. அதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். கூட்டி வகுத்தேன். மூன்று புள்ளி மூன்று வந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம் என்று சொல்லலாம். பயம்கூட இல்லை, பழக்கம்.

பத்தொன்பதாம் நாள் அந்த எல்போ பிளந்தது. பக்கத்தில் வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தவன் என் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. ஆலையில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். கைகள் இரண்டும், மார்பும், முகத்தில் பாதியும் வெந்துபோயின.

இரண்டே நாளில் விசாரணையை முடித்துவிட்டார்கள். வால்வை வேகமாக மூடியதால் அழுத்தம் ஏறிக் குழாய் வெடித்தது என்று அறிக்கை. அதை ஆஸ்பத்திரிக்கே வந்து அவனுக்குப் படித்துக் காட்டினார்கள். அவனும் நம்பிவிட்டான். நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"மாமா, நான் வேகமாத் திருப்பிட்டேனா?"

"பேசாமப் படு மாப்ள" என்பேன். வேறு என்ன சொல்ல? வெந்து கிடப்பவனே தன்னைக் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அதைக் கேட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, அந்த வரி மசோதா பற்றிக் கருத்துக் கேட்க ஒரு கமிட்டி நகர மண்டபத்துக்கு வந்தது. நிறுவனத்தின் சார்பில் என்னையும் பேசச் சொன்னார்கள். பாதுகாப்புக்கு எவ்வளவு செய்கிறோம், வரி வந்தால் அதெல்லாம் எப்படிப் போகும் என்று டைப் அடித்த ஒரு தாளை மேனேஜர் என் சட்டைப்பையில் செருகினார். எதிர்வரிசையில் பேனல் பட்டறைக்காரர்கள். என் மனைவியும் அங்கேதான். அவர்கள் ஒரு பெரிய படத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்: என் மச்சினனின் கட்டுப்போட்ட கைகள். மேலே 'லாபம் எரித்த கைகள்' என்று எழுதியிருந்தது. படத்தை எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே தாளைப் படிக்க என்னால் முடியவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, ஒன்று புள்ளி ஒன்பதைச் சொன்னேன். சராசரி வழக்கத்தைச் சொன்னேன். போனில் மேனேஜர் பேசியதைச் சொன்னேன். விலை ஏறியதற்காக ஷட்டவுனைத் தள்ளினார்கள் என்பதையும் சொன்னேன். மண்டபமே அசையாமல் கேட்டது. நிறுவனத்தின் முகமூடியைக் கிழித்துவிட்டோம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"விதிப்புத்தகத்துல எதை எழுதணும்னு இருக்கு?"

"குறைஞ்ச எண்ணை."

"நீங்க எழுதினது?"

"சராசரியை."

"அப்படி எழுதச் சொல்லி யாராவது எழுத்துல கொடுத்தாங்களா?"

"இதையெல்லாம் எழுத்துல யாரு சார் கொடுப்பாங்க?"

"அப்ப இல்ல."

மேனேஜர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை விரித்தார். "வழக்கப்படி எழுதுன்னுதானே சொன்னேன். வழக்கம்னா நமக்கு விதிதானே?"

வக்கீல் கமிட்டித் தலைவி பக்கம் திரும்பினார். "அம்மா, இதுக்குக் காரணம் லாபமும் இல்ல, பராமரிப்புக் குறைவும் இல்ல. ஒரு ஊழியரோட கவனக்குறைவு. உண்மையை ஒத்துக்கிட்டதுக்கு அவருக்கு எங்க நன்றி." உண்மையாகவே எனக்கு ஒரு கும்பிடும் போட்டார்.

தலைவி ஏதோ குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எதிர்வரிசையில் படத்தைச் சுருட்டிக் கீழே வைத்தார்கள். மூன்று வாரமாக அவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை ஐந்து நிமிஷத்தில் நானே பிடுங்கிக் கொடுத்துவிட்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால் அதன் தலைதான் அழுக்காகும். நான் வாரிப் போட்டது ஊர் தலையில். என் மனைவி என்னைப் பார்க்காமலே எழுந்து வெளியே போனாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் இவன்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றாள். "உங்க வாயாலேயே சொல்லுங்க."

சொன்னேன். எண்ணைச் சொன்னேன், கூட்டி வகுத்ததைச் சொன்னேன், கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் வேகமாத் திருப்பலையா மாமா?"

"இல்ல மாப்ள. நீ எப்படித் திருப்பியிருந்தாலும் அது பிளந்திருக்கும்."

மூச்சை நீளமாக விட்டான். வெந்திராத கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. அதை அவனால் துடைத்துக்கொள்ள முடியாது. அக்காதான் துடைத்துவிட்டாள். இனி இவனாவது நிம்மதியாகத் தூங்குவான் என்று நினைத்தேன். வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், எனக்கும் பாரம் இறங்கினாற்போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவனே பேசினான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நினைவுக்கு வந்ததைச் சொல்லும் குரல்தான்.

"அன்னிக்கு அந்த எல்போகிட்ட சீறுற மாதிரி ஒரு சத்தம் மாமா. கூட இருந்தவன் கிட்டப் போகாதடான்னான். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அதான் ரூமுக்குப் போய் உங்க ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். மூணு புள்ளி மூணுன்னு இருந்துச்சு, கீழ உங்க கையெழுத்து. எங்க மாமா அளந்ததுடா, ஒண்ணும் ஆகாதுன்னு அவன்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்."