மாமி வார்க்க வேண்டிய தண்ணீர்

விவாகரத்து முடிந்து மூன்று மாதத்துக்குள் சிவகௌரி எவ்வளவோ பழகிவிட்டாள். தண்ணீர் மோட்டார் இறுகினால் தானே கழற்றிப் பார்த்தாள், காஸ் சிலிண்டரைத் தானே உருட்டி வந்தாள். வீடு அவளுடைய சீதன வீடு என்பதால் கீர்த்திகன்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு நல்லூரில் இருந்த தன் அக்கா கனகாம்பிகையிடம் போனான். போகட்டும். அவன் போனதை எப்படியோ தாங்கிக்கொண்டாள். ஆரணியை இழந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஆரணி கனகாம்பிகையின் மகள். பிள்ளையில்லாத சிவகௌரியின் மடியில் வளர்ந்தவள். இப்போது எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடுவது? தாய்மாமனையே விட்டவளுக்கு மருமகள் ஏது?

சனிக்கிழமை காலை கனகாம்பிகை போன் செய்தாள். "கௌரி, ஆரணி பெரியபிள்ளையாயிட்டாள்."

"சந்தோசம் மச்சாள்," என்றாள் சிவகௌரி. அவ்வளவுதான். போன் நின்றது.

அதற்குப் பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளை பெரியவளான அன்று தலைக்கு வார்க்கும் முதல் தண்ணீரைத் தாய்மாமன் மனைவிதான் வார்ப்பது வழக்கம். அந்தத் தண்ணீருக்காக எத்தனை வருடமாக ஆசைப்பட்டிருந்தாள்! "வாரும்" என்று ஒரு சொல் சொன்னாளா அந்த மனிசி? பிரிந்து போனவளின் கை படக்கூடாது என்று வேறு யாரையாவது பிடித்திருப்பார்கள். பிடிக்கட்டும் என்று வெங்காயத்தை எடுத்து வெட்டினாள். கண்ணீருக்கு ஒரு சாட்டு வேண்டுமே.

மத்தியானம் மோட்டார் சைக்கிளில் கீர்த்திகன் வந்தான். உள்ளே வராமல் கேற்றுக்கு வெளியிலேயே வெயிலில் நின்றான்.

"உமக்கு என்ன விசரே? பிள்ளை காலமை தொடக்கம் குளிக்காமல், சாப்பிடாமல் மூலையிலை இருக்கிறாள்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"அக்கா உமக்குச் சொன்னவதானே?"

"சொன்னவ. வரச்சொல்லேல்லை."

"மாமியை வரச்சொல்லோணுமே? நீர் வருவீர் எண்டு அவ வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கிறா."

"எல்லாம் முடிஞ்சுதெண்டு கோட்டிலை கையெழுத்து வைச்சனான்."

"அது என்னோடை. பிள்ளையோடை இல்லையே." அவன் கேற்றைப் பிடித்துக்கொண்டான். "பக்கத்து வீட்டுப் பராசக்தியக்கா தான் வாக்கிறன் எண்டு நிண்டவ. ஆரணி அசையமாட்டன் எண்டிட்டாள். பிடிவாதம். உம்மடை வளர்ப்பு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனிசனோடு ஒரு வீட்டில் வாழ முடியாது, அது சத்தியம். ஆனாலும் அந்த நிமிடம் அவன்மேல் பாசம் பொங்கியது, அதுவும் சத்தியம். "நில்லுங்கோ, வாறன்," என்றாள். சீலை மாற்றி, தன் ஸ்கூட்டியை எடுத்து, அவனுக்குப் பின்னால் ஓட்டினாள். ஒழுங்கை முழுக்க வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

நல்லூர் வீட்டுக் கிணற்றடியில் பெண்கள் கூடி நின்றார்கள். "சோடி பிரிஞ்சவ..." என்று பராசக்தி வாயைத் திறந்தாள். கனகாம்பிகை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர்ச் செம்பைச் சிவகௌரியின் கையில் திணித்தாள். "இவ்வளவு நேரமும் எங்கை போனனீர்?" என்று ஏசினாள். ஏசும்போதே குரல் உடைந்துவிட்டது.

சுற்றி நின்றவர்களின் கண்ணெல்லாம் தன்மேல் இருப்பது தெரிய, சிவகௌரியால் செம்பைத் தூக்கவே முடியவில்லை.

பலகையில் குந்தியிருந்த ஆரணி நிமிர்ந்து பார்த்தாள்.

"கெதியா ஊத்துங்கோ மாமி. பசிக்குது."

சிவகௌரி வார்த்தாள்.