கட்டாபா துறையில் வெள்ளை ரிப்பன்

ஹெஃப்லின் குடும்பம் ஆண்டுதோறும் கூடுமிடத்தில், வெள்ளை ரிப்பன் குத்தியவரிடம் யாருடைய வழி என்று எவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. பென்சில்வேனியாவிலிருந்து குதிரை வண்டியில் கரோலினாவுக்கு இறங்கி வந்த மூதாதை யோஸ்ட் ஹெஃப்லினுக்குப் பிள்ளைகள் நால்வர். நான்கு கிளைக்கும் நான்கு நிறம். வெள்ளை, விருந்தாளிகளுக்கு.

ஒலீட்டாவின் தாய் மேபெல் ஆயுள் முழுவதும் வெள்ளையே குத்தினாள். யோஸ்டின் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்த வேலைக்காரி அவருக்குப் பெற்ற மகள் பார்பராவின் வழியில் வந்தவள் அவள். கட்டாபா ஆற்றுத் துறையில், ஓடக்காரன் வீட்டில் அந்தக் குழந்தையை விட்டுவிட்டு வண்டி அக்கரை ஏறியது. இதை அறியாதவர் அக்கூட்டத்தில் இல்லை.

மேபெல் இந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனாள். அந்தந்த ஆண்டு இறந்தவர்களின் பெயரைக் கிளைவாரியாக அதே துறையில் நின்று சொல்வதும், மற்றவர்கள் ‘கரையேறியாச்சு’ என்று பதில் கொடுப்பதும் வழக்கம். அந்தப் பதில் தாய்க்கும் கிடைக்க வேண்டும் என்பதே ஒலீட்டாவின் ஆசை.

ரிப்பன் பெட்டியோடு உட்கார்ந்திருந்த மஞ்சள் கிளைக்காரர் ராய்ஸ் அவளைப் பக்கத்தில் அழைத்தார்.

“எங்க மஞ்சள்ல சேர்ந்துக்கோ. அம்மா பேரை நானே சொல்லிடறேன். யாரு கேக்கப்போறா?”

“அம்மாகிட்டயும் இதைச் சொன்னீங்களாண்ணே?”

“சொன்னேன். மஞ்சள் என் நிறத்துக்கு எடுக்காதுன்னுட்டா.”

இருவரும் சிரித்தார்கள். அவர் மஞ்சள் ரிப்பனை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

காலை மூடுபனியில் எல்லோரும் பழைய வண்டிப் பாதையில் இறங்கினார்கள். சக்கரங்கள் அரைத்து அரைத்து ஆள் உயரத்துக்குத் தாழ்ந்துபோன பாதை அது. முன்னால் நடப்பவர்கள் பனியில் கரைந்து, வேறு யாரோவாகத் திரும்பி வரக்கூடும்போல் இருந்தது. குதிரையின் மூச்சு தோளில் படுவதாக ஒலீட்டா உணர்ந்தாள். வண்டியின் பின்பலகையைப் பற்றியபடி ஒரு பெண் நடந்தாள், இடுப்பில் குழந்தை. அவள் முகம் மேபெலின் முகமாகவும், பிறகு எவருடையதுமல்லாத முகமாகவும் மாறி மாறித் தெரிந்தது. பனி விலகியபோது அங்கே ஆறு மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது.

நான்கு கிளைகளும் பெயர் சொல்லி முடித்தன. ராய்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒலீட்டாவைப் பார்த்தார். அவள் மஞ்சள் ரிப்பனை அவர் சட்டைப் பையில் திருப்பிச் செருகிவிட்டு, முழங்கால் நனையத் தண்ணீரில் இறங்கி எல்லோரையும் பார்த்துத் திரும்பினாள்.

“அஞ்சாவது பிள்ளை பார்பரா. இந்தத் துறையில விட்டுட்டுப் போனாங்களே, அவ வழி நாங்க. எங்கள்ல இந்த வருஷம் போனது எங்கம்மா, மேபெல்.”