உடைசல் சதவீதம்

மன்னிச்சுக்கோ. உன்மேல ஒரு தப்பும் இல்லை. கழுத்து நேரா இருக்கு, உடம்புல ஒரு கொப்புளம் கிடையாது, அடி ஆடாம உக்காருது. உன்னைப் பெத்த உலைக்கே நீ பெருமைதான். இருந்தாலும் நீ சாகணும். மேலிடத்து உத்தரவு.

மனதுக்குள் இப்படிச் சொல்லிவிட்டு, பெல்ட்டில் வந்த பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பக்கத்துத் தொட்டியில் போட்டாள். சலங்கென்று உடைந்தது. அடுத்தது வந்தது. அதுவும் நல்ல பாட்டில்தான்.

அந்தக் கண்ணாடி ஆலையில் வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்காருகிறவளுக்கு 'மாமியார்' என்று பெயர். பலகைக்குப் பின்னால் விளக்கு எரியும். முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகரும். எதில் கீறல், எதில் கொப்புளம், எது கோணல் என்று பார்த்து ஒதுக்குவது வேலை. நாள் முழுக்கக் குறை கண்டுபிடிக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இவள் கல்யாணமே செய்துகொள்ளாமல் மாமியார் ஆனவள். முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது. இப்போதெல்லாம் சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கத் தாமதமாகிறது.

இந்தக் கூத்து ஒரு நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியது. மணலை உருக்குவதைவிட உடைந்த கண்ணாடியை உருக்குவது சுலபம். சூடு குறைவாகப் போதும், எரிபொருள் மிச்சமாகும், புகைபோக்கி வழியே போகிற கார்பனும் குறையும். ஆகவே இனி உலையில் பாதிக்குப் பாதி உடைசல் என்று முதலாளி அறிவித்தார். அறிவித்ததோடு விட்டாரா? அதை வாசலில் யானை அளவுக்கு எழுதி மாட்டினார். புகைபோக்கிக்கு வானத்தின் நிறத்தைப் பூசினார். மேகம் மூடிய நாட்களில் மட்டும் அது பளிச்சென்று தனியாகத் தெரியும். உடைந்த கண்ணாடியைப் போடுங்கள் என்று தெருவுக்குத் தெரு பெட்டி வைத்தார்கள். ஊரார் அதில் பிய்ந்த செருப்பைப் போட்டார்கள், கிழிந்த தலையணையைப் போட்டார்கள், ஒரு தடவை உயிரோடு ஒரு பூனையைப் போட்டார்கள். கண்ணாடியை மட்டும் போடவில்லை.

மாட்டியதை இறக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. ஒரு பசுமை அதிகாரியை நியமித்தார். அது வேறு யாருமில்லை, இவளுடைய தங்கையின் கணவர். பச்சைச் சட்டையோடு வந்து நின்ற அன்றைக்கே ஆலையில் அவருக்குப் 'பச்சை' என்று பெயர் விழுந்துவிட்டது. தற்காலிகப் பதவிதான். விருதுக் குழு வந்து பார்த்துவிட்டு விருதைக் கொடுத்தால் நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி கிடங்கில் மூட்டை எண்ணப் போக வேண்டியதுதான்.

பச்சைக்கு மூளை உண்டு. ஊர் கண்ணாடி போடாவிட்டால் என்ன? ஆலை ஒதுக்குகிற பாட்டிலும் உடைசல்தானே? நிறைய ஒதுக்கினால் நிறைய உடைசல். நிறைய உடைசல் என்றால் நிறையப் பசுமை. சூடு ஆறாத பாட்டிலை உடைத்து உலையில் போட்டார்கள், அதையே பாட்டிலாக்கி மறுபடி உடைத்தார்கள். அறிவிப்புப் பலகையில் சதவீதம் ஜுரம் மாதிரி ஏறியது. உலைக்கு எண்ணெய் கொண்டுவருகிற லாரிகளும் முன்னைவிட அதிகமாக வந்தன. அவற்றைப் பின்வாசல் வழியாக வரச் சொல்லியிருந்தார்கள்.

"என்ன மாமியாரே, இன்னிக்கு எத்தனை மருமகளை முடிச்சீங்க?" என்றார் உலைக்காரர், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

"வாயை மூடிட்டுப் போங்கண்ணே."

"நான் காலையில பெத்துப் போடுறேன். நீங்க மத்தியானம் கொன்னு திருப்பி அனுப்புறீங்க. அதே பிள்ளையை மறுபடியும் பெறுன்னு சொல்றாங்க. என் வயித்துக்கு ஓய்வு வேணாமா?"

"அதைப் பச்சைகிட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொன்னேனே. கார்பன் குறையுதுங்கறாரு. பச்சைப் பொய் பச்சைப் பொய்னு சின்ன வயசுலேர்ந்து கேக்கறேன், இப்பதான் அது சட்டை போட்டுட்டு வர்றதைப் பாக்கறேன்."

சிரித்துவிட்டாள். தங்கையின் முகம் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

தங்கை வீட்டில்தான் அவள் இருந்தாள். போன மாதம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்தான் பச்சை பேச்சை எடுத்தார். "அக்கா, கண்ணைக் கொஞ்சம் கடுமையாக்குங்க. சந்தேகம்னு தோணினாலே தூக்கிப் போடுங்க."

"சந்தேகமே தோணலைன்னா?"

"தோண வைங்க," என்று தங்கை குறுக்கே வந்தாள். "நீ பாக்காத குறையா? வந்த மாப்பிள்ளைங்களை எல்லாம் ஒருத்தன் விடாம ஒதுக்கினவதானே? ஒருத்தனுக்குக் காது பெருசு, ஒருத்தனுக்குச் சிரிப்பு சின்னது."

மூவரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக அவள் தலையசைத்தும் விட்டாள். இருக்க இடம் கொடுத்தவர்களிடம் எதற்கெல்லாம் தலையசைக்கிறோம் என்று யார் கணக்கு வைக்கிறார்கள்?

முதல் சில நாட்கள் கை கூசியது. பிறகு கூசவில்லை. கூசாமல் போனதுதான் அவளைப் பயமுறுத்தியது. நல்ல பாட்டிலில் குறையைத் தேடத் தேட, கண் அதுவாகவே குறையை உண்டாக்கிக் கொடுக்க ஆரம்பித்தது. நிழல் கீறலாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தாலும் ஓயவில்லை. கதவு கோணல், தம்ளர் கோணல், தங்கை பாசமாகக் கேட்கிற கேள்விக்குள் ஏதோ ஒரு கொப்புளம். தன்னைக் கண்ணாடியில் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவள் என்று எல்லோரும் அவளைச் சொல்வார்கள். அதில் அவளுக்கு ரகசியமாக ஒரு கர்வம் இருந்தது. அவள் 'நல்லது' என்று சொன்னால் அது நல்லதுதான் என்று ஆலையில் ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. கைவசம் இருந்த ஒரே சொத்து அந்தச் சொல்தான். அது இப்போது கரைவது தெரிந்தது.

நேற்று, பெட்டியில் அடுக்குகிறவள் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இது எப்படி உன் கண்ணுல தப்பிச்சுது?"

உள்ளே, ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்கு, மயிரிழை மாதிரி ஒரு கண்ணாடி நூல். குழந்தைகளின் இருமல் மருந்துக்குப் போகிற பாட்டில். மருந்தை ஊற்றினால் நூல் முறியும், பிறகு கரண்டியில் வரும். அவள் அதைப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறாள். பார்த்தபோது அவள் மனம், அடுத்து வந்த நல்ல பாட்டிலுக்கு என்ன பழி சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனதும் பச்சையிடம் சொன்னாள். அவர் முகம் வெளிறியது. கெட்டவர் இல்லை.

"எனக்குத் தெரியாதாக்கா? ரெண்டு தடவை உருக்கினா ரெண்டு மடங்கு புகை. கணக்கு எனக்கும் வரும். நாளைக்கு ஒரு நாள் மட்டும். குழு வந்து நிக்கும்போது தொட்டியில உடைசல் விழணும், அதைப் படம் எடுப்பாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

அவள் முகம் கழுவப் போனாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இன்று மத்தியானம் குழு வந்தது. அவர்கள் வந்த கார்கள், உள்ளே குளிர்ச்சி குறைந்துவிடக் கூடாதென்று, வாசலில் உறுமிக்கொண்டே நின்றன. தலைவி, காகிதம் சேமிப்பது பற்றித் தடித்த அட்டையில் அச்சடித்த புத்தகம் ஒன்றை எல்லோருக்கும் கொடுத்தார். முதலாளி புகைபோக்கியைக் காட்டினார். "எங்கே?" என்று ஒருவர் கேட்டதும் முதலாளிக்கு முகமெல்லாம் பல். கடைசியில் எல்லோரும் வெளிச்சப் பலகைக்கு வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள். படம் எடுக்க வாகாகத் தொட்டியைக் காலி செய்து துடைத்து வைத்திருந்தார்கள்.

"அக்கா, ஒண்ணு எடுத்துக் காட்டுங்க," என்றார் பச்சை, மேடைக் குரலில்.

ஒன்றை எடுத்தாள். வெளிச்சத்தில் மெல்லச் சுற்றினாள். கழுத்து, உடம்பு, அடி. பெல்ட்டில் திரும்ப வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் வைத்தாள். கேமராக்காரர் ஒரு கண்ணை மூடியபடியே காத்திருந்தார்.

"ஒண்ணும் கிடைக்கலையா?" என்றார் தலைவி.

"இன்னும் வரலைங்க."

முதலாளி தொண்டையைச் செருமினார். பச்சை குனிந்து காதோரம் வந்தார். "ஒண்ணே ஒண்ணுக்கா. உங்க தங்கச்சி முகத்துக்காக."

அவரைத் திரும்பிப் பார்த்தாள். காலர் நனைந்திருந்தது, உதடு உலர்ந்திருந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. இன்று வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். நாளையும் பேசாமல் இருக்கலாம். தங்கை பாத்திரத்தை வைக்கிற சத்தமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். வேறு வீடு பார்க்க வேண்டியும் வரலாம். அத்தனையும் தெரிந்தது. அவள் விரல்களோ அடுத்து எடுத்த பாட்டிலின் வெதுவெதுப்பான கழுத்தை அளந்துகொண்டிருந்தன, எங்கும் குறை தட்டவில்லை.

"இது நல்ல பாட்டில், தம்பி," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

வைத்துவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.