எடைக்கு உட்கார்ந்தவள்

அந்த எலெக்ட்ரீஷியனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிதான். நண்பரோடு சேர்ந்து வாங்கிய பழைய படகு. நண்பர் ஓட்டுவார், இவர் கயிற்றைப் பிடித்துப் பலகைமேல் எழுந்து நின்று, பிறகு கயிற்றையும் விட்டுவிட்டு, படகுக்குப் பின்னால் எழும் அலையிலேயே சறுக்குவார். அலை பெரிதாக எழ வேண்டுமானால் படகு ஒரு பக்கம் சாய வேண்டும். அதற்கு எடையாக உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவர் மனைவி. வாரமெல்லாம் தையல் மெஷினில் குனிந்து கிடந்துவிட்டு, ஞாயிறன்று இடது மூலையில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பாள். அவர் விழுந்தால் நண்பருக்குக் குரல் கொடுப்பதும் அவள்தான். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி உடைந்தபோதுகூட அவர் மாற்றவில்லை. "நீதான் இருக்கியே, கண்ணாடி எதுக்கு?" என்றார். அதைப் பாராட்டு என்று வேறு நினைத்துக்கொண்டார், மகானுபாவர்.

"நானும் ஒரு தடவ நின்னு பாக்கட்டுமா?" என்று அவள் கேட்டதுண்டு.

"நீ எறங்கிட்டா அலை எங்கேருந்து வரும்?" என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஏணியிலிருந்து விழுந்ததில் அவருக்கு முழங்கால் போயிற்று. நண்பரும் ஊர் மாறிவிட்டார். படகை விற்றாயிற்று, வாங்கியவர் மறுநாள் காலை வந்து எடுத்துக்கொள்வார். அன்று மதியம், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே அவள் சொன்னாள்: "இன்னைக்கு நான் நிக்கணும். நீங்க ஓட்டுங்க."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இத்தனை நாளும் மனதில்தான் வைத்திருந்தாளா?

எடைக்கு அவளுடைய தம்பியைக் கூட்டிக்கொண்டார்கள். ஆள் நல்ல கனம். "என் உடம்பு ஒரு நல்ல காரியத்துக்கு உதவுறது இதான் முதல் தடவ, மாமா," என்றபடி இடது மூலையை நிறைத்தான்.

அவள் லைஃப் ஜாக்கெட்டோடு மல்லாந்து மிதந்தாள். குதிகால்கள் பலகையின் விளிம்பில், கையில் கயிறு. நண்பர் தன்னை இழுத்த அதே வேகத்தில் அவர் படகைக் கிளப்பினார். கயிறு அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. மறுபடியும் அதே கதை. அடுத்த முறை ஏரியில் பாதியை மூக்கு வழியாகக் குடித்துவிட்டு இருமினாள்.

"கயித்த இழுக்காத! முட்டிய மடக்கு!" என்று கத்தினார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். எத்தன வருஷமா பாக்குறேன்!" என்றாள் தண்ணீரிலிருந்து. "நீங்க உங்களுக்கு ஓட்டுறீங்க. எனக்கு ஓட்டுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. இந்தத் தடவை மெதுவாகக் கிளப்பினார். அவள் எழத் தொடங்கியதும் ஆசை தாங்காமல் திரும்பிப் பார்த்தார். கூடவே கையும் திரும்பி, படகு வளைந்து, அலை செத்து, அவள் பொத்தென்று விழுந்தாள்.

"முன்னாடி பாருங்க மாமா! அக்காவ நான் பாத்துக்கிறேன்," என்றான் மச்சான்.

கரையில் விளக்குகள் எரியத் தொடங்கின. இருட்டிவிட்டால் ஏரியில் யாரையும் விடமாட்டார்கள். இன்னும் ஒரே தடவைதான். எதிர்க்கரைத் தண்ணீர்த் தொட்டியில் கண்ணை நட்டுக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல் படகை நகர்த்தினார்.

"நின்னுட்டா! மாமா, அக்கா நின்னுட்டா!"

கழுத்து திரும்பத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கயித்த விட்டுட்டா! கயிறே இல்லாம வர்றா!"

எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவள் சிரிப்பு கேட்டது. அப்படி அவள் சிரித்து அவர் கேட்டதே இல்லை. பிறகு தண்ணீரில் விழுந்த சத்தம்.

நடுங்கிக்கொண்டே படகில் ஏறியவள் முதலில் கேட்டது, "பாத்தீங்களா?"

ஒவ்வொரு ஞாயிறும் ஏறியவுடன் அவர் கேட்கும் கேள்வி அது. "பாத்தேன்" என்று தொடங்கி, எங்கே தடுமாறினார், எங்கே சமாளித்தார் என்று ஒன்றுவிடாமல் சொல்லுவாள். வீடு போய்ச் சேரும்வரை சொல்லுவாள்.

"இல்ல," என்றார். "திரும்பினா நீ விழுந்துடுவேன்னு..."

"தெரியும். படகு ஆடவே இல்ல," என்றாள், தலையைத் துவட்டியபடி.

"இன்னும் ஒரே ஒரு தடவ?" என்று கேட்டார்.

"இருட்டிடுச்சுங்க."

பழக்கதோஷத்தில் தம்பிக்குப் பக்கத்தில் போய், இடது மூலையிலேயே உட்கார்ந்தாள். அவர் கரையைப் பார்த்துப் படகைத் திருப்பினார்.

"மாப்ள, சொல்லு. எப்படி நின்னா? மொதல்லேருந்து சொல்லு."

மச்சான் கொஞ்சம் யோசித்தான்.

"நல்லா நின்னா மாமா," என்றான். அதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.