கல் சிலுவைக்குப் போட்ட வேலி

எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் சந்து முனையில் நிற்கிற கல் சிலுவை ரொம்பப் பழசு. அதை நட்ட அன்று பெங்களூருக்குக் குளிரே வந்து சேர்ந்திருக்கவில்லை. கீழே மூன்று படி. அதன்மேல் சதுரப் பீடம், அதில் விளக்கு வைக்க ஒரு மாடம். பீடத்தின்மேல் கவிழ்ந்த தாமரை, அதிலிருந்து எட்டுப் பட்டைத் தூண், உச்சியில் குட்டைக் கைச் சிலுவை. மழைத்தண்ணீர் எட்டுப் பட்டையிலும் எட்டு ருசியில் இறங்கும். குடித்துப் பார்த்திருக்கிறேன்.

மேல்படி மட்டும் ஓர் ஆளைப் படுக்கவைக்கிற அகலம். எங்களில் யார் செத்தாலும், கல்லறைக்குப் போகிற வழியில் பெட்டியை அதன்மேல் இறக்கி ஜெபம் சொல்லித்தான் தூக்குவோம்.

தொண்ணூற்றாறில் இட்லி வண்டிக்காரர் தூணில் குடையைக் கட்டிவிட்டார். சிலுவையைக் காப்பாற்றக் கமிட்டி கூடியது. செயலாளர் நோயல் தாமரை இதழ் வரைக்கும் டேப் வைத்து அளந்தார். பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து ஈட்டிமுனை வைத்த கம்பி வேலி வந்தது. மெழுகுவத்தி ஏற்றப் போக ஒரு சின்ன கேட். நானும் கமிட்டிதான். கைதட்டினேன்.

அடுத்த மாசம் எங்கள் சந்து டோரீனின் அப்பா மரியநாதன் போய்விட்டார். சிலுவையடியில் வைக்காமல் கொண்டுபோகாதே என்பதுதான் மகளிடம் அவர் கடைசியாகக் கேட்டது.

நோயல் கேட்டைத் திறந்தார். பெட்டி நுழையவில்லை.

"கொஞ்சம் சாய்ங்கப்பா."

சாய்த்தோம். உள்ளே மரியநாதன் சரிகிற சத்தம் கேட்டது.

"வேணாம் அங்கிள்!" என்று அலறினாள் டோரீன்.

"வேலிக்கு மேலே தூக்கிடலாமா?" என்றார் நோயல்.

"மேல ஈட்டி வெச்சது நீதானே?" என்றான் பெட்டி தூக்கியிருந்த பிரான்சிஸ். "ஏசு விலாவுல குத்தினவன்கூட ஒண்ணுதான் வெச்சிருந்தான்."

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

"ரோட்லயே இறக்குங்க" என்றாள் டோரீன்.

நோயல் கோட்டைக் கழற்றித் தாரில் விரித்தார். அதன்மேல் இறக்கினோம். அப்பாவை விட்டு உள்ளே போக அவளுக்கு மனசில்லை. மண்டியிட்டு, ஒரு கையைப் பெட்டிமேல் வைத்து, மறுகையைக் கம்பிக்குள் விட்டுப் படியைத் தொடப் பார்த்தாள். ஒரு சாண் எட்டவில்லை. அப்படியே ஜெபம் சொன்னாள்.

கமிட்டிக்காரர்கள் எல்லாரும் தாரையே பார்த்துக்கொண்டு நின்றோம். 'ஆமென்' சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. பஸ் டிரைவர்தான் இன்ஜினை அணைத்துவிட்டுச் சொன்னார்.