குடிலுக்குப் பனி

அந்தோணிமேரி பொம்மைக் குடிலின் கூரைமேல் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது.

அறுபத்தொன்பதாம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. உள்ளங்கை அகலப் பலகையில் மாட்டுக்கொட்டில், மாதா, சூசையப்பர், குழந்தை. பலகை முழுக்க வச்சிரப் பசை தடவி, பஞ்சைப் பிய்த்து ஒட்டி, ஈரம் காய்வதற்குள் சாக்பீஸ் தூளைச் சலித்துவிட வேண்டும். கூரை விளிம்பில் கனமாக, சூசையப்பர் காலடியில் லேசாக. அவள் பனியைப் பார்த்ததில்லை. குடில்களை வாங்கி விற்கும் பாரிமுனைக் கடைக்காரர் கொடுத்த வாழ்த்து அட்டையைப் பார்த்துத்தான் செய்தாள்.

"அண்ணி, கதவத் தொறங்க." கொழுந்தன் லூர்துராஜின் குரல்.

"வெளிய பூட்டிகீது."

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வண்டியில் வைக்கோல்மேல் அவள் புருஷன் சவரிமுத்து கிடந்தான். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

"தண்டலத்துல பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்தாராம். மாரு வலிக்குதுன்னு உக்காந்தவரு எழுந்திருக்கல அண்ணி."

மண்ணூருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து வெளிப்பூட்டுத்தான். கடைக்குச் சரக்கு கொண்டுபோகும் போதெல்லாம் சவரிமுத்து பூட்டிவிட்டுப் போவான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவான். அப்படியே கொண்டுவந்து விடுவான். தெருவுக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை.

"சாவி எங்க அண்ணி?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவரு அரணாக்கவுத்துல."

 லூர்துராஜ் வண்டியில் ஏறி, அண்ணனின் சட்டையை விலக்கி, வேட்டிக்குள் கைவிட்டான். முடிச்சு அவிழவில்லை. யாரோ நீட்டிய பிளேடால் கயிற்றை அறுத்தான். அவள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. உடலைக் கிடத்த இடமில்லை. தரையெல்லாம் குடில்கள் காய்ந்துகொண்டிருந்தன. தூள் சிந்தாமல் ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் வைத்தாள். அதுவரை நாலு பேர் உடலைத் தாங்கியபடி வாசலிலேயே நின்றார்கள்.

தண்டலத்து வண்டிக்காரர்தான் கேட்டார். "பொம்பளய உள்ள வுட்டு இன்னாத்துக்கு வெளிய பூட்டிகினு போனாரு?"



"காத்து பூந்தா தூளு பறந்துடும்," என்றாள் அந்தோணிமேரி. "அதுக்குத்தான்."

வண்டிக்காரர் தலையாட்டினார். லூர்துராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாயங்காலம் ரோட்டைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. போகும்போது அழுகிற பெண்கள் நடுவில், தலை குனிந்தபடி போயிருந்தாள். திரும்பும்போது கூட்டம் கலைந்துவிட்டது. பாதை பிரிகிற இடத்தில் அவள் நின்றாள். பின்னால் வந்த பக்கத்து வீட்டு சரோஜா கேட்டாள்.

"இன்னா நின்னுட்ட?"

"நம்ம வூட்டுக்கு எப்பிடிப் போவணும்க்கா?"

சரோஜா இடது கைப் பாதையைக் காட்டினாள்.

"அப்ப இந்த வலது பக்கம் எங்க போவுது?"

"பென்னலூருக்கு. பக்கத்து ஊரு."

ஒரு லாரி கடந்து போனது. புழுதி அடங்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.